இப்ப எப்படீங்க இருக்குது?

பஸ் நின்றுகொண்டிருந்தது. கலாமணியின் வாய்க்குள் மட்டும் அந்த ஒரு வாக்கியம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பரவாயில்லைன்னு நான் சொன்னது காலைங்க, ரோட்டை இல்லீங்க. காலைங்க, ரோட்டை இல்லீங்க. இவ்வளவுதான் விஷயம். பதினோரு மணிக்குள் மண்டல அலுவலகத்துக்குப் போய், உதவிப் பொறியாளர் முன்னால் நின்று, இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மூடிவிட்ட புகாரை மறுபடி திறப்பார்கள். போய்ச் சேராவிட்டால் பட்டறைமேடு ரோட்டுக் குழி சரியாகிவிட்டது என்றே ஆகிவிடும். குழி என்னவோ அங்கேயேதான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், ஆனால் சர்க்கார் கணக்கில் மூடிவிட்டிருக்கும். இனிமேல் அதில் விழுகிறவர்கள் எல்லாம் இல்லாத குழியில் விழுந்தவர்கள். இப்படி நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த கையோடு பயமும் வந்தது, ஏனென்றால் டிரைவர் அப்போதுதான் எஞ்சினை அணைத்தார். டிரைவரே எஞ்சினை அணைத்தால் அவரும் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம். முன் சீட்டுக்காரர் "வரியை மட்டும் கரெக்டா வாங்கிக்கறானுங்க" என்று ஆரம்பித்து, யார் யாரையோ திட்டி, திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய், ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நைட் டூட்டி முடித்து வந்த நர்ஸ் பிள்ளை ஒன்று, ஏறி உட்கார்ந்த உடனே கலாமணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. தோள் மரத்துக்கொண்டு வந்தது. இருக்கட்டும், தூங்கட்டும். அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்குக் காலில் பிளேட் வைத்திருந்தபோது இதே வயசில் ஒரு பிள்ளைதான் வார்டில் வந்து வந்து தலையணையைச் சரிபண்ணிவிட்டுப் போகும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல நினைத்து, டிஸ்சார்ஜ் அவசரத்தில் விட்டுப்போயிற்று. இந்தப் பிள்ளைக்குத் தோளையாவது கொடுத்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கலாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பரவாயில்லை. இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் காலை மிதித்தவருக்குப் பரவாயில்லீங்க. பால் திரிந்துபோனால் பரவாயில்லை. தீபாவளிக்கு வர முடியவில்லை என்று மகள் போன் பண்ணினால் பரவாயில்லை கண்ணு. "உன்ர கழுத்துல கத்தியை வச்சாலும் பரவாயில்லீங்க, மெதுவா அறுங்கன்னுதான் சொல்லுவே" என்று நாச்சிமுத்து கேலி பண்ணுவார். கேலி பண்ணட்டும். கேலி பண்ண ஆள் இருக்கிறாரே. அன்றைக்கும் அவர் காலை மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே தையல் போட்ட இடத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. எண்ணெய்க் கை. புறங்கையால் தள்ளிப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஒரு பெண் குரல், தேன் மாதிரி. "மாநகராட்சியிலருந்து பேசறமுங்க. பட்டறைமேடு ரோட்டுல உங்க ஊட்டுக்காரர் குழியில விழுந்துட்டாருன்னு புகார் குடுத்திருந்தீங்களேங்க. இப்ப எப்படீங்க இருக்குது?" கலாமணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாநகராட்சியிலிருந்து! கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்! சொந்தக்காரர்களே ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு தடவை வந்துவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த காலைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, தோல் கொஞ்சம் பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "இப்பப் பரவாயில்லீங்க. நல்லா ஆயிட்டு வருதுங்க. நீங்க இவ்வளவு தூரம் கேட்டதே போதுமுங்க, ரொம்ப சந்தோசமுங்க" என்றாள். அந்தப் பெண்ணும் சந்தோஷமாகத்தான் வைத்தாள். சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, தங்கள் திருப்திக்கேற்ப முடித்து வைக்கப்பட்டது, நன்றி. நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "ஏன் கலா, குழியை மூடிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லையே, மத்தியானம் பாத்தேனே" என்றாள். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எது எப்படி இருக்குது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. எது பரவாயில்லை என்று இவளும் சொல்லவில்லை. காலா, ரோடா? நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்ததில் கால் வலித்து "அம்மா" என்றார். கலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் மாநகராட்சி தன்னிடம் நலம் விசாரித்தது என்று இருந்த சந்தோஷம் போனதே என்ற வருத்தம்; அதைவிட இன்னொரு பக்கம், டீக்கடை அப்பாஸ் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு.

அப்பாஸ்தான் முதலில் ஓடிவந்தவர். அதை நினைக்காமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. மழை பெய்து விட்டிருந்த சாயங்காலம், பட்டறை முடிந்து ஸ்கூட்டரில் வந்த மனுஷன், ரோடு முழுக்கத் தண்ணீர், எது ரோடு எது குழி என்று தெரியாது, ஒரு போர்டு கிடையாது, ஒரு கயிறு கிடையாது, அவ்வளவு ஏன், ஒரு மரக்கிளையைக்கூட ஒருவரும் நட்டு வைக்கவில்லை. தண்ணீருக்கு மேலே அவர் செருப்பு ஒன்று மிதந்தது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஏன் சொன்னார்களோ, அந்தச் செருப்பு இன்னும் அவள் கண்ணுக்குள் மிதக்கிறது. இப்போதுகூட, வெயிலில், இந்த நின்றுபோன பஸ்ஸுக்குள், மிதக்கிறது. தலை உள்ளே போயிருந்தால்? ஸ்கூட்டர் மேலே விழுந்து அழுத்தியிருந்தால்? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தாலும் அது கன்றுக்குட்டி மாதிரி அங்கேதான் போகிறது. அப்போதெல்லாம் அவளுக்கு ஒரே வழி, அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வது. கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு இடுப்புவரை தண்ணீரில் இறங்கிய அப்பாஸ். துப்பட்டாவைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டிவிட்ட ஜெராக்ஸ் கடைப் பிள்ளை. ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போய், வாடகை பேச்சை எடுத்ததும் கோபித்துக்கொண்ட ஆட்டோக்காரர். யாரும் ஒருவருக்கொருவர் உறவில்லை. இவளுக்கு எந்த வகையிலும் கடமைப்பட்டவர்கள் இல்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேடி அவள் எங்கேயும் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு எவர்சில்வர் போசி நிறைய ரவை லட்டு பிடித்துக்கொண்டு போய் அப்பாஸ் கடையில் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டபோது அழுகை வந்துவிட்டது. அப்பாஸ் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் எதுக்குங்கக்கா. மழை வந்தா யாராச்சும் விழுறதுதான், நாங்க தூக்கறதுதான். ஆனா எத்தனை பேரைங்கக்கா தூக்கறது? ஒருநாள் நான் கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போயிருப்பேன். அன்னிக்கு விழுறவரு என்னாவாரு?" அவர் குறையாகச் சொல்லவில்லை. லட்டை மென்றுகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது கலாமணிக்குக் கும்பிட்ட கை கூசியது. தூக்கின ஆளுக்கு லட்டு கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அவர் கேட்டது லட்டு இல்லை. அந்தக் குழியை மூடவைத்து, இந்தத் தூக்குகிற வேலையிலிருந்து தன்னை விடுவி என்று கேட்டார். அப்படி அவர் வாயால் சொல்லவில்லை என்பது வேறு. அன்றைக்குத்தான் புகார் எண்ணுக்குப் போன் பண்ணினாள். பண்ணி, கடைசியில், தானே தன் வாயால் அதை மூடியும் வைத்தாள்.

பஸ் ஒரு ஆள் நீளம் நகர்ந்து மறுபடி நின்றது. இரண்டு பக்கமும் கார், வேன், காய்கறி வண்டி, ஸ்கூல் ஆட்டோ, பிளாட்பாரத்தில் ஏறி ஓட்டிக்கொண்டு போகிற பைக்குகள். இத்தனைக்கும் காரணம் அந்தக் குழிதான். இரண்டு வண்டி போகிற ரோட்டில் ஒரு வண்டி போகிற இடம்தான் மிச்சம். தினமும் இதுதான் நடக்கிறது என்றாலும் இன்றைக்கு நடக்க வேண்டுமா? சீக்கிரம் கிளம்பியிருக்கலாம். சீக்கிரம்தான் கிளம்பினாள். பூஜை அறையில் ஒரு நிமிஷம் நின்றதைக் குறைத்திருக்கலாம். ஒரு நிமிஷத்தில் என்ன வந்துவிடப்போகிறது, இங்கே எஞ்சினே அணைந்து கிடக்கிறது. அந்தக் குழி யாருடையது என்பதே ஒரு பெரிய கதை. மண்டல அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது குடிநீர்க்காரர்கள் தோண்டியது என்றார்கள். குடிநீர்க்காரர்களிடம் போனால் நாங்கள் குழாயைப் போட்டு மூடிவிட்டோம், கேபிள்காரர்கள் மறுபடி தோண்டினார்கள் என்றார்கள். கேபிள்காரர்களுக்கு ஆபீஸ் எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. ஊரில் ஒரு முழம் இடத்துக்கு வெட்டிக்கொள்கிற அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு பெரிய குழியை எனக்கு வேண்டாம் உனக்கு வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிடுகிறவர்களை இப்போதுதான் பார்த்தாள். இரண்டாம் தடவை போனபோது உதவிப் பொறியாளர் இருந்தார். திருமூர்த்தி என்று மேஜையில் பெயர் இருந்தது. ஏ.இ., ஏ.இ. என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கலாமணி நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு போயிருந்தாள். அவர் என்னவென்றால் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்கம்மா" என்றார். அவ்வளவுதான், தீட்டின நாக்கு அப்படியே மழுங்கிவிட்டது. "நீங்க திருப்தின்னு சொன்னதா பதிவாயிருக்குதுங்களே. இதைத் தொறக்கணும்னா ஒரு விசாரணை வச்சாகணும். வெள்ளிக்கிழமை வந்து எம்முன்னால சொல்லிருங்க. வரலைன்னா அப்படியே முடிஞ்சதா ஆயிரும், அப்பறம் என் கையில இல்லைங்கம்மா." கலாமணி மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போதுதான், குழியை எப்போது மூடுவீர்கள் என்று கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அவளுடைய கஷ்டமே இதுதான். யாராவது கொஞ்சம் நல்லபடியாகப் பேசிவிட்டால் அவளுக்கு மனசு இளகிவிடும், இளகின மனசோடு சண்டை போட முடியாது. இன்றைக்கும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டால்? மின்விசிறியைத் திருப்பிவிட்டால்? காலைங்க, ரோட்டை இல்லீங்க. உட்காராமல் நின்றுகொண்டே சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே அந்த ஜீப்பைப் பார்த்தாள். வெகு நேரமாக அங்கேதான் நின்றிருக்க வேண்டும். இவள் கண்ணுக்குள் செருப்பு மிதந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மாநகராட்சி என்று முன்னால் எழுதின வெள்ளை ஜீப். டிரைவர் பக்கத்தில், கையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஒருவர். மை தடவிய மீசை. ஏ.இ. திருமூர்த்தி. கலாமணிக்கு முதலில் வந்தது ஒரு அசட்டுச் சந்தோஷம், தெரிந்தவரைப் பார்த்துவிட்டாற்போல. அட, அவரும் போய்ச் சேரவில்லையா! அவரே போய்ச் சேராவிட்டால் என் புகாரை யார் முடித்து வைப்பது? பதினோரு மணி ஆனாலும் ஆகாதது மாதிரிதான். உடம்பில் இருந்த பதற்றமெல்லாம் இறங்கியது. இனி நிம்மதியாக உட்காரலாம். இவரும் அங்கே போகட்டும், நானும் போகிறேன். அப்படி நினைத்துச் சாய்ந்துகொண்டவள், சாய்ந்த உடனே நிமிர்ந்தாள். அங்கே போய் என்ன? அங்கே நாற்காலி இருக்கிறது, விசிறி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நான் பரவாயில்லை ரகம். இங்கே, இந்த இடத்தில், நாலு கடை தள்ளிக் குழி இருக்கிறது. அவர் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இப்படி ஒரு சந்தர்ப்பத்தை யார் ஏற்பாடு பண்ணிக் கொடுக்க முடியும்? கலெக்டரே நினைத்தாலும் முடியாது. ஆனால் ஓடிப்போய் ஒரு ஆபீசர் வண்டியைத் தட்டுவதா? நடுரோட்டிலா? பஸ்ஸில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். அவர் கோபித்துக்கொண்டு அப்புறம் புகாரைத் திறக்காமலே போய்விட்டால்? நாற்காலி போட்டவர், கோபிக்க மாட்டார். நாற்காலி போட்டவரை ரோட்டில் நிறுத்துவது நன்றிகெட்ட வேலை இல்லையா? நன்றி என்று பார்த்தால், நாற்காலி போட்டவருக்கு ஒரு நன்றி. இடுப்புத் தண்ணீரில் இறங்கினவருக்கு? துப்பட்டாவை அவிழ்த்த பிள்ளைக்கு? இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒருவரிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் கணக்கு நேராகிவிடாதா? முன்னால் எங்கோ ஒரு லாரி உறுமியது. வரிசை நகரப் பார்த்தது. ஐயோ, நகர்ந்துவிடப் போகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக, டிராபிக் நகரக் கூடாதே என்று கலாமணி வேண்டிக்கொண்டாள்.

தோளை அசைக்காமல் நர்ஸ் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு "சாமி, நான் எறங்கணும்" என்றாள். அது திடுக்கிட்டு எழுந்து "சாரிங்கக்கா, சாரிங்கக்கா" என்றது. அதை ஜன்னல் பக்கம் நகர்த்தி, தன் பையிலிருந்த துண்டைக் கம்பியில் மடித்து வைத்து அதன் தலையை அதில் சாய்த்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தாள். கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். "ஏனுங்க, ஸ்டாப்பு இன்னும் வரலீங்க. நடுரோட்டுல எறக்கி உட்டா என்னயத்தான் கேப்பாங்க." கலாமணி, "யாருங்க கேக்கப்போறா? கேக்கறவரு அந்தா ஜீப்பிலயே உக்காந்திருக்காருங்க" என்றாள். தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். கண்டக்டர் ஜீப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு வழிவிட்டார். தரையில் கால் வைத்ததும் வண்டிகளின் சூடு முழங்கால்வரை ஏறியது. ஒரு பைக் அவளை உரசிக்கொண்டு நின்றது, அந்தப் பையன் பின்னால் உருட்டி இடம் கொடுத்தான். அவனுக்கு ஒரு நன்றி. ஜீப்புக் கதவை விரல் கணுவால் தட்டினாள். திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "எதா இருந்தாலும் ஆபீசுக்கு வாங்கம்மா. பதினோரு மணிக்கு ஒரு விசாரணை இருக்குது, நானே லேட்டு" என்றார். கலாமணி, "அந்த விசாரணை நாந்தானுங்க" என்றாள். அப்புறம் ஞாபகம் வந்து, "அட, நீங்களா! நீங்களும் இதுலயே மாட்டிக்கிட்டீங்களா?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பின் கதவை எட்டித் திறந்து, சீட்டில் கிடந்த பையை ஒதுக்கி, "ஏறி உக்காருங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. ஒண்ணாவே போயிரலாம்" என்றார். சீட்டு மெத்தென்று இருந்தது. உள்ளே ஒரு குட்டி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தும்விட்டாள். பஸ் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய்வரை வந்து, வழி தெரியாமல் நின்றது. இந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். ஏறி உட்கார்ந்தால் நன்றிங்க என்பாள். நன்றிங்க என்றால் எல்லாம் முடிந்தது. அந்தக் காலைக் கீழே இறக்கிக்கொண்டு, கதவை மூடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஏறலீங்க சார். நீங்க எறங்குங்க."

"எங்கீங்கம்மா?" என்றார் அவர். "பக்கந்தானுங்க. அந்தா, டீக்கடைக்கு முன்னால. நீங்க அதை ஒருதரம் கண்ணுல பாத்துட்டீங்கன்னா விசாரணையே வேண்டாமுங்க." கை கதவை விடவில்லை. பின்னால் ஹாரன்கள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி தன் ஷூவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். ஜீப் டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டி எப்படியும் அரை மணிநேரத்துக்கு நகராதுங்க சார்" என்றார். அந்த டிரைவர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று கலாமணி அங்கேயே வாழ்த்தினாள். திருமூர்த்தி இறங்கினார். வண்டிகளுக்கு நடுவில் உடம்பைக் குறுக்கிக் குறுக்கி அவள் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார். இந்த நெரிசலுக்கு, இதில் நிற்கிற அத்தனை வண்டிக்கும், அவற்றை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிற அந்த உறுமுகிற லாரிக்கும் அவள் மனசார நன்றி சொல்லிக்கொண்டே நடந்தாள். குழி கலங்கின தண்ணீரோடு கிடந்தது. நேற்றுப் பெய்ததுதான். ஓரத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்னின. திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "விழுந்தவரை யாருக்காச்சும் தெரியுமா? எந்த இடத்துல விழுந்தாருன்னு பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று சுற்றிலும் கேட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அப்பாஸ், ஆற்றுவதை நிறுத்தாமல், எட்டிப் பார்த்தார்.

"யாரைங்க சார் கேக்கறீங்க? இந்த அக்கா ஊட்டுக்காரரையா, நேத்து விழுந்த அம்மாவையா? அவங்க இன்னும் கண்ணு முழிக்கலைன்னு சொன்னாங்க."

திருமூர்த்தி பேனாவைத் திரும்பப் பையில் வைத்தார். குனிந்து பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கினார்.